பத்து அழகிய வளாகங்களும் என் ரசமட்டமும்

பேரன்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு தங்கள் அக்காவும், தங்கள் மருமகளான என் மகளும் நலம். இடது கணுக்காலைத் தவிர்த்து நானும் நலம். அங்கு தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் எந்தக் குறையுமின்றி இருக்க வேண்டுமென்று மனதார விரும்புகிறேன். உடம்பு சரியில்லாதவரைத் திட்டி எனக்குப் பழக்கமில்லை. ஆகையால் இக்கடிதம் கைக்கு வரும் நேரத்தில் தங்களுக்குக் காய்ச்சல், தலைவலி ஏதேனும் இருந்தால் குணமான பிறகு பிரித்துப் படிக்கவும்.

நிற்க. தாங்கள் வேலை பார்க்கும் பயணப் பத்திரிகையில் தாங்களே எழுதி, தங்கள் கையெழுத்தோடு எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்த ‘வாழ்நாளில் பார்த்தே தீர வேண்டிய உலகின் பத்து அழகிய பல்கலைக்கழக வளாகங்கள்’ என்ற கட்டுரை கிடைத்தது. கிடைக்காமலே போயிருக்கலாம். எங்கள் தெருத் தபால்காரர் முக்கியமான கடிதத்தையெல்லாம் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டுப் போகிறவர், இதை மட்டும் மடங்காமல் கசங்காமல் என் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். பதினாறு பக்கம், வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் ஒரு மணிக்கூண்டு. நான் இரண்டு முறை படித்தேன். ‘மனதை மயக்கும்’ என்ற சொல் பத்தொன்பது இடத்தில் வருகிறது. கழிவுநீர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கட்டடங்களைப் பற்றிப் பதினாறு பக்கம் எழுதிய மனிதருக்கு, மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எந்த வழியாகக் கீழே இறங்கும் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. தாங்கள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று தங்கள் அக்கா சொல்கிறாள்.

நான் யார், என்ன வேலை பார்த்தேன் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் தங்கள் கட்டுரையைப் படித்த பிறகு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். நான்கு மாடி, சதுரமான கட்டடம், மஞ்சள் சுண்ணாம்பு. எவனும் அதைப் படம் பிடித்து வழவழப்பான தாளில் போடமாட்டான். ஆனால் முப்பத்தொரு மழைக்காலத்தில் ஒரு வகுப்பறையிலும் ஒரு சொட்டு ஒழுகியது கிடையாது. ஒரு கதவும் இழுக்காது, ஒரு குழாயும் அழாது. அந்தக் கல்லூரியில் தங்கள் மருமகளுக்குக் கட்டடப் பொறியியலில் இடம் தயாராக இருந்தது. காலையில் நடந்து போய், மாலையில் நடந்து வந்துவிடலாம். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, தங்கள் கட்டுரை வரும்வரை.

அதைத் தங்கள் அக்கா குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். தங்கள் மருமகள் அதைக் கிழித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, “அப்பா, நான் கட்டடக்கலை படிக்கப் போறேன். மாமா எழுதின பத்துல மூணு எடம் ரயில்ல போற தூரந்தான். மூணுக்கும் எழுதிப் போட்டுட்டேன். மூணுலயும் அப்பா அம்மாவோட வந்து பாத்துட்டுப் போகச் சொல்லிருக்காங்க” என்றாள். கட்டடக்கலை நம் கல்லூரியில் கிடையாது. அதைப் படித்தால் வெளியூர்தான், விடுதிதான். இந்த மாதக் கடைசி தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நான் ஆத்திரப்படவில்லை. நியாயமாக ஒரு நிபந்தனை வைத்தேன். “மூணையும் நானே வந்து பாக்குறேன். கொறையில்லாத ஒரு வளாகத்தக் காட்டு, அங்கயே கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா இங்கதான்” என்றேன். தங்கள் அக்கா சிரித்தாள். “நம்ம கல்யாணத்தன்னிக்கே மண்டபத்துச் சொவத்தத் தட்டிப் பாத்து பூச்சு சரியில்லன்னு சொன்ன ஆளு நீங்க. உங்களுக்குக் கொறையில்லாத எடத்தக் காட்ட இவ எங்க போவா?” என்றாள். அந்த மண்டபத்துப் பூச்சு மறு வருடமே உதிர்ந்தது என்பதை அவள் சொல்லமாட்டாள்.

மீதி ஏழையும் நான் நேரில் பார்க்கத் தேவையில்லை. தங்கள் படங்களே போதும். மூன்றாம் எண்ணில் கடலைப் பார்த்த வகுப்பறைகள் என்று உருகியிருக்கிறீர்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை வெடிக்கும், அலையைப் பார்த்துக்கொண்டு எவன் பாடத்தைக் கவனிப்பான்? ஆறில் பனி மூடிய முற்றமாம். வழுக்கி விழுந்தால் தூக்குவதற்கு யார் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கலாம். ஒன்பதில் பாலைவனத்தின் நடுவே பளிங்கு மாளிகை. அதன் ஜன்னலில் சேரும் மணலை வாரத்துக்கு எத்தனை முறை துடைக்கிறார்கள்? பத்தில் மலை உச்சியில் ஆயிரத்து இருநூறு படிக்கட்டு ஏறினால் நூலகம். மேலே போய் மூச்சு வாங்குவதற்கா, படிப்பதற்கா? நாற்காலி, மேசை, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் அந்தப் படியில் சுமந்து ஏறியவனிடம் ‘அழகு’ என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். என் பழைய சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டேன், அதில்தான் பை அதிகம். கையில் என் வேலைப் பை. அதில் டார்ச், சின்னச் சுத்தியல், பசை நாடா, குழாய்த் திருகி, எல்லாவற்றுக்கும் மேலாக என் ரசமட்டம். தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன்: ஓரடி நீளக் கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. ஒரு தளத்தின் மேல் வைத்தால், தளம் மட்டமாக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் ஓரத்துக்கு ஓடும். அது யாரையும் மயக்காது, யாரிடமும் மயங்காது. “அப்பா, பொண்ணு பாக்க வர்றவங்ககூட இப்படிப் பையைத் தூக்கிட்டு வரமாட்டாங்க” என்றாள் தங்கள் மருமகள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் போனது தங்கள் பட்டியலில் இரண்டாம் எண். ‘காலம் உறைந்து நிற்கும் கற்கட்டடங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். காலம் உறைந்துதான் நிற்கிறது. மணிக்கூண்டின் நான்கு முகத்திலும் நான்கு நேரம், எதுவும் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை. சுற்றிக் காட்ட ஒரு மாணவி வந்தாள். அவள் எங்களைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தாள். அங்கே எல்லோரும் அப்படித்தான் சுற்றிக் காட்டுவார்களாம், அது ஒரு பயிற்சியாம். முக்கால் மணி நேரம் அந்தப் பெண் எங்கே இடித்துக்கொள்ளப் போகிறாளோ என்ற பதைப்பில் நான் ஒரு கட்டடத்தையும் முழுசாகப் பார்க்கவில்லை. பார்த்தவரை சொல்கிறேன். சுவர் முழுக்கக் கொடி. தங்களுக்கு அது பச்சைப் பட்டு, எனக்கு அது கல்லிடுக்கில் வேர் விட்டுச் சாந்தைத் தின்னும் பிராணி. நடுவில் ஒரு பெரிய புல்வெளி, அதில் யாரும் கால் வைக்கக்கூடாது என்று ஆறு பலகை. நடக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது, மாடு மேயவும் முடியாது. அதற்கு ஏழு பேர் வேலை செய்கிறார்கள். நான் அந்தப் பெண்ணிடம், “ஏம்மா, இந்தக் கூரையில விழுற மழத்தண்ணி எங்க போகுது?” என்று கேட்டேன். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். “சார், மூணு வருஷமா சுத்திக் காட்டுறேன், யாருமே இதக் கேட்டதில்ல” என்றாள். நூலக ஜன்னல் மேடையில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் தங்கள் மருமகளைக் காணவில்லை. வேறொரு குடும்பத்தோடு போய் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டாவதாக ஐந்தாம் எண். ‘அன்னங்கள் மிதக்கும் ஏரியும், மாலை வேளையில் நான் அமர்ந்து என்னை மறந்த மரப்பாலமும்’ என்று தாங்கள் எழுதிய இடம். ஏரியில் இருந்தவை வாத்துகள். ஏரியில் மிதந்தவை கொஞ்சம், பாதையில் உலாத்தியவை மிச்சம். அவை பாதையில் விட்டுச் சென்றவற்றைத் தாண்டித் தாண்டி நடந்ததில் தங்கள் அக்காவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்தபோது சேலையில் பாசி, பெஞ்சில் சேலையின் சாயம். இதற்கிடையில் ஒரு வாத்து என் வேலைப் பையின் வாரைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். படிக்க வந்த பிள்ளைகள் கூட்டமாக நின்று கைதட்டினார்கள். கடைசியில் காவலாளி வந்துதான் விலக்கிவிட்டார். மூச்சு வாங்கியபடி, “அந்த மரப்பாலம் எங்கங்க?” என்று கேட்டேன். அவர் கையைக் காட்டினார். கயிறு கட்டி, ‘உள்ளே வராதே’ என்று பலகை மாட்டியிருந்தது. “அதுவா? பலகையெல்லாம் உளுத்துப் போச்சு. நாலு வருஷமா மூடித்தான் கெடக்கு. வாத்துகூட அதுல ஏறாது” என்றார்.

நாலு வருடம்! கட்டுரை போன மாதம் வந்தது. மச்சான், உண்மையைச் சொல்லு, நீ அந்தப் பாலத்தில் எப்போது உட்கார்ந்தாய்? என்னை மறந்தேன் என்று எழுதினாயே, உட்கார்ந்ததையும் சேர்த்து மறந்துவிட்டாயா? உன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி, யாரோ எடுத்த படத்தைப் பார்த்து, யாரோ எழுதியதைத் திருப்பி எழுதியிருக்கிறாய். அதை நம்பி ஒரு பெண் பிள்ளை அப்பாவின் கல்லூரி வேண்டாம் என்கிறாள். அதுதான் என் வயிற்றெரிச்சல். நீ எழுதியது பொய் என்பதுகூடப் பெரிதில்லை. முப்பத்தொரு வருடம் நான் மெய்யாகக் காத்து வைத்த ஒரு கட்டடம் அந்தப் பொய்யிடம் தோற்றுப்போனது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அங்கிருந்து கிளம்பிய ரயிலில் தங்கள் மருமகள் (கோபத்தில் நீ என்று எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த நேரமில்லை) ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் ஐந்தாம் எண் வளாகத்தின் குறைகளைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். இருபத்தேழாவது குறைக்கு வந்தபோது திரும்பினாள். “அப்பா, நீங்க கட்டடத்தப் பாக்க வரல. எனக்கு முடியாதுன்னு சொல்ல காரணம் பொறுக்க வந்திருக்கீங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். தங்கள் அக்கா பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

மூன்றாவது, எட்டாம் எண். கண்ணாடியும் வெள்ளைச் சுவருமாக, விருது வாங்கிய கட்டடம். அங்கே பார்ப்பது மட்டுமல்ல, நேர்முகத் தேர்வும் உண்டு. பதினொரு மணிக்கு, பெற்றோரும் கூட உட்கார வேண்டும். பத்தரைக்குப் போய்விட்டோம். நுழைவு மண்டபத்தைப் பார்த்ததும் எனக்குத் தங்கள் கட்டுரையின் படம் ஞாபகம் வந்தது. பளபளக்கும் தரையில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று வாளிகள். படத்துக்குக் கீழே, ‘மாணவர்களின் நவீனக் கலைப் படைப்பு: வண்ணங்களின் தனிமை’ என்று எழுதியிருந்தீர்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். முந்தின இரவு அங்கே நல்ல மழை, சிவப்பு வாளியில் முக்கால்வாசி தண்ணீர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மச்சான்! அது கூரை ஒழுகல்! ஒழுகல் வாளியைப் படம் பிடித்து, பேர் வைத்து, கலை என்று உலகத்துக்கு எழுதியவன் என் மனைவியின் உடன்பிறப்பு! அந்த மண்டபத்தில் நின்று நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். மூன்று நாள் பயணத்தில் முதல் சிரிப்பு.

அப்போது இடுப்பில் ஒரு கொத்துச் சாவியோடு ஒருவர் ஓடிவந்தார். அவரைச் சாவிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். என் சட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். “வாங்க வாங்க! மூணு நாளா ஃபோன் பண்றோம், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றார். நான் குழாய் வேலைக்கு வந்தவன் இல்லை, பிள்ளையைச் சேர்க்க வந்த அப்பன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் நீல வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. தங்களுக்கு இது புரியாது. முப்பத்தொரு வருடம் ஒழுகலைக் கண்டதும் எழுந்து ஓடிய கால், ஓய்வு பெற்றுவிட்டோம் என்று நினைத்துப் பார்க்காது. “எங்கேர்ந்து வருது?” என்று கேட்டுவிட்டேன். “அதுதான் யாருக்கும் தெரியல” என்றார் சாவிக்காரர். தெரியல என்ற வார்த்தையைக் கேட்டதும் என் கை பையைத் திறந்துவிட்டது. மணி பத்து முப்பத்தெட்டு. இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஏணி போட்டுக் கொடுத்தார். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். உண்மையான கூரைக்குக் கீழே, தெரியக்கூடாததையெல்லாம் மறைக்க மெல்லிய அட்டைப் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருப்பார்களே, அதற்கும் கூரைக்கும் நடுவில் ஆள் தவழும் அளவுக்கு ஓர் இடம். குறுக்கே ஒரு நடைப்பலகை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தவழ்ந்தேன். தட்டைக் கூரை, தண்ணீர் வடிய வாட்டம் ஒரு விரல்கூட இல்லை. மழைநீர்க் குழாயைச் சுவருக்குள் மறைத்துக் கொண்டுபோகிறேன் பேர்வழி என்று எட்டு இடத்தில் திருப்பியிருந்தார்கள். நுழைவு மண்டபத்தில் சொட்டினால் குற்றவாளி நுழைவு மண்டபத்துக்கு மேலே இருக்கமாட்டான், அது எனக்குத் தெரியும். ஈரத்தைத் தொட்டுத் தொட்டு, நாற்பது அடி தள்ளிப் போய்க் கண்டுபிடித்தேன். ஒரு திருப்பத்தில் இணைப்பு விலகியிருந்தது. அதில் யாரோ ஒரு புண்ணியவான் துணியை அடைத்துவிட்டுப் போயிருந்தான். திட்டிக்கொண்டே துணியை உருவி, இணைப்பைச் சேர்த்து, திருகி, நாடாவைச் சுற்றினேன். கடைசிச் சுற்றுச் சுற்றும்போது எனக்கு நேர் கீழே யாரோ இருமினார்கள். பிறகு, “உக்காரும்மா. அப்பா வரலையா?” என்று ஒரு பெண் குரல் கேட்டது.

“வந்திருக்காருங்க. இங்கதான் எங்கயாவது ஒரு சொவத்தத் தட்டிட்டிருப்பாரு” என்றது தங்கள் அக்காவின் குரல்.

மணி பதினொன்று ஐந்து. நான் தவழ்ந்து போய் நின்றிருந்தது நேர்முகத் தேர்வு அறையின் தலைக்கு மேலே. திரும்பித் தவழ்ந்தால் பலகை கிறீச்சிடும். அசையாமல் இருந்தால் நாற்காலி காலியாக இருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கீழே தாள் புரளும் சத்தம் கேட்டது. துறைத் தலைவி, பேச்சில் அதிகாரம் தெரிந்தது, “எங்க வளாகத்துல உனக்கு எது பிடிச்சிருக்கு?” என்று கேட்டார். சரி, உன் கட்டுரையை ஒப்பிக்கப் போகிறாள், ‘மனதை மயக்கும்’ என்று ஆரம்பிப்பாள் என்று பல்லைக் கடித்தேன்.

“உண்மையச் சொல்லட்டுமா மேடம்? வாளிங்கதான்” என்றாள் என் மகள்.

கீழே யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “நாங்க ரெண்டு எடம் பாத்துட்டு வர்றோம். ரெண்டும் ரொம்ப அழகு. அழகா இருக்குன்னு எல்லாரும் நிமிந்து பாக்குறாங்க, தண்ணி எங்க போகுதுன்னு யாரும் பாக்கல. எங்க அப்பா முப்பத்தொரு வருஷம் ஒரு காலேஜப் பாத்துக்கிட்டாரு. ஒரு சொட்டு ஒழுகினதில்ல. ஆனா அந்தக் கட்டடத்த யாரும் நின்னு பாத்ததும் இல்ல. வாசல்ல வந்து ஒருத்தர்கூட ஒரு ஃபோட்டோ எடுத்ததில்ல. அது அவருக்கு வலிக்கும், சொல்லமாட்டாரு. நிமிந்து பாக்கவும் வெக்கணும், ஒழுகவும் கூடாது, அப்படி ஒண்ணு நான் கட்டணும் மேடம். எங்க அப்பா அதுல ரசமட்டத்த வெச்சுப் பாத்துட்டு, எதுவும் திட்டாம எடுத்துப் பைக்குள்ள போடணும். அதுக்குத்தான் படிக்க வந்தேன்” என்றாள்.

மச்சான், நான் அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது? தூசிக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு, வாயில் டார்ச்சோடு அழுதேன். கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தேன். கையை எடுத்ததில் உடம்பு சாய்ந்தது. நடைப்பலகையில் இருந்த இடது கால் வழுக்கி அட்டைப் பலகையின் மேல் போனது. விருது வாங்கிய அட்டைப் பலகை ஒரு காலைத் தாங்கவில்லை. முழங்கால்வரை உள்ளே இறங்கி, மூன்று பேராசிரியர்களின் மேசைக்கு மேலே என் கால் தொங்கியது.

அட்டைத் துண்டுகள் மேசையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு துறைத் தலைவி, “இது யாரு?” என்று கேட்டார்.

“அவருதான்” என்றாள் தங்கள் அக்கா.

“எங்க அப்பாதான் மேடம். சாக்ஸ் தெரியுது, நான் தச்சுக் குடுத்தது” என்றாள் மகள். சாம்பல் நிறச் சாக்ஸ், குதிகாலில் நீல நூல் தையல்.

அந்த நிலையில் ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “ஜாயிண்ட்டச் சரி பண்ணிட்டேன். இனிமே ஒழுகாது” என்றேன். “அப்ப எறங்கி வாங்க, உங்க நாற்காலி காலியாத்தான் இருக்கு” என்றார் துறைத் தலைவி. சாவிக்காரரும் இன்னும் இருவரும் சேர்ந்து என்னை இறக்கினார்கள். தலையெல்லாம் தூசி, கணுக்கால் வீங்கிவிட்டது. கடைசியில், “நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்று என்னிடம் கேட்டார்கள். “இந்தக் கூரையில விழுற தண்ணி எங்க போகுது?” என்றேன். “ஆறு வருஷமா நாங்களும் அதத்தான் தேடுறோம். இன்னிக்குத்தான் ஒரு ஆள் கண்டுபிடிச்சிருக்காரு” என்றார் அந்த அம்மா. அங்கேயே இடம் கொடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தாங்கள் அவசரப்பட்டு இளிக்க வேண்டாம். நான் மாறவில்லை. குறையில்லாத வளாகம் என்பதுதான் பேச்சு. எட்டாம் எண்ணில் நாற்பத்து மூன்று குறைகள், என் கால் போட்ட ஓட்டையைச் சேர்க்காமல். மகள் பேசியது கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வாட்டம் இல்லாத கூரைக்கு அது வாட்டம் ஆகாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தங்கள் அக்காவிடம் சொல்லாதீர்கள். மகள் போய்விட்டால் இந்த வீட்டில் மாடிப்படியைத் தடதடவென்று இறங்க ஆள் கிடையாது. நான் சுவரைத் தட்டும்போது “என்னப்பா சொல்லுது சொவரு?” என்று கேட்கவும் ஆள் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று ஒரு கட்டடம் என் கையை விட்டுப் போனது. ஒரே வருடத்தில் இரண்டாவதையும் கொடு என்றால் எப்படி?

ஆகவே என் முடிவு இது. அவள் இங்கேதான் சேர்கிறாள். ‘தங்கள் இடம் எங்களுக்கு வேண்டியதில்லை’ என்று எட்டாம் எண்ணுக்குக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்தாகிவிட்டது. இதோடு சேர்த்து அதையும் இன்றே பெட்டியில் போடுகிறேன். அவர்கள் கொடுத்த சம்மதப் படிவத்தைத் தங்கள் அக்கா என் சட்டைப் பையில் சொருகி வைத்திருக்கிறாள், அது அங்கேயே கிடக்கட்டும். தங்கள் பங்குக்கு அடுத்த இதழில், அவை வாளிகள் என்றும், பாலம் உளுத்தது என்றும், தாங்கள் எங்கும் போனதில்லை என்றும் மூன்று வரி போட்டு மன்னிப்புக் கேட்கவும். இனிமேல் எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை அனுப்ப வேண்டாம்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசி. தாங்கள் நீண்ட ஆயுளோடும், ஒழுகாத கூரைக்குக் கீழேயும், இனி நேரில் பார்த்ததை மட்டும் எழுதியும் நல்லபடியாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும்
அக்காள் கணவன்

பின்குறிப்பு: தபால் பெட்டிவரை போய்த் திரும்பி வந்து, உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கணுக்கால் வீக்கத்தால் மகள்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். பெட்டி எங்கள் கல்லூரிக்கு எதிரே. இரண்டு உறையும் என் கையில். அவள் கெஞ்சவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. நான் பெட்டியின் வாயில் கையை வைக்கும்போது, எதிரே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்பா, மூணாவது மாடி மழக்கொழா வாயில எல அடச்சிருக்கு. மழைக்கு முன்னாடி உள்ள யார்கிட்டயாவது சொல்லணும்” என்றாள். பார்த்தேன். அடைத்துத்தான் இருந்தது. ஒரு வருடமாகத் தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். வருத்தத்தில் நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை, அவள் பார்த்திருக்கிறாள். வேண்டாம் என்று எழுதியதைக் கிழித்துவிட்டேன். சம்மதப் படிவத்தில் தபால் பெட்டியின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பெட்டி சாய்வு, கையெழுத்தும் கோணல். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி எட்டாம் எண்ணில் சேர்கிறாள். விடுதி அறையின் நான்கு சுவரையும் நேர்முகத் தேர்வு நடந்த அன்றைக்கே தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன், நல்ல சத்தம். மச்சான், மன்னிப்பெல்லாம் போட வேண்டாம். அடுத்த இதழில் எட்டாம் எண்ணை ஒன்றாம் எண்ணாக மாற்று. வாளிகளை எடுத்துவிட்டார்களாம், அதை மட்டும் திருத்து. பத்திரிகையை நிறுத்தாதே, மீதி ஏழையும் பார்க்க வேண்டும் என்று உன் அக்கா பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறாள். ஆனால் அங்கே குமிழி எங்கே ஓடுகிறது என்று என்னால் சொல்ல முடியாது. ரசமட்டம் என்னிடம் இல்லை. மகளின் பெட்டியில், துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். விடுதிக்குப் போய்ப் பிரிக்கட்டும், அவளிடம் நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே.